இருள் எங்கே இருக்கிறது? கான்ராடின் காங்கோ குறுநாவலை வாசிப்பது பற்றி

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தாளர் ஜோசஃப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' குறுநாவல் உங்களுக்கு எம்.ஏ. பாடம். கையில் இருக்கும் நோட்ஸ், ஆறு என்றால் மனத்தின் ஆழத்துக்குப் போகும் பயணம், காடு என்றால் மனிதனுக்குள் உறங்கும் மிருகம், இருள் என்றால் தீமை என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறது. கதையைப் படித்தால் அது எங்கும் பொருந்தி வரவில்லை. இருள் காட்டில் இருக்கிறதா, கதையில் வரும் கர்ட்ஸ் என்பவனிடமா, ஐரோப்பாவிலா என்று கேட்கிறீர்கள். இது இனவெறி நூல் என்று சொல்கிறார்களே, அது சரியா என்றும் கேட்கிறீர்கள். இவை இரண்டு கேள்வி அல்ல. இந்தக் கதையில் குறியீடுகள் எப்படி வேலை செய்கின்றன, அவை எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்று பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைக்கும்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 'நெல்லி' என்ற பாய்ப்படகில் ஐந்து பேர் நீரோட்டம் மாறக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவனான மார்லோ என்ற மாலுமி பேச ஆரம்பிக்கிறான். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றுக்காக ஆப்பிரிக்க ஆறொன்றில் நீராவிப் படகு ஓட்டிக்கொண்டு, கம்பெனிக்காக யானைத் தந்தம் சேகரிக்கும் ஏஜென்ட் கர்ட்ஸை அழைத்துவரப் போன கதை அது. கர்ட்ஸ் பேச்சாளன், ஓவியன், நாகரிகத்தை எடுத்துச்செல்ல வந்தவன் என்று பெயர் பெற்றவன். போய்ப் பார்த்தால் அவன் வீட்டெதிரே கம்பங்களில் மனிதத் தலைகள். திரும்பும் வழியில் கர்ட்ஸ் இறக்கிறான். ஐரோப்பா திரும்பிய மார்லோ, கர்ட்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணிடம் ஒரு பொய் சொல்கிறான். ஏறத்தாழ 38,000 ஆங்கிலச் சொற்கள். 1899 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 'பிளாக்வுட்ஸ் மேகசின்' இதழில் மூன்று பகுதிகளாக வந்து, 1902-இல் புத்தகமானது.

நோட்ஸ் தடம் மாறுவதற்குக் காரணம் ஒன்றுதான். குறியீட்டைக் கண்டதும் 'இதற்கு அர்த்தம் என்ன' என்று கேட்டுவிடுகிறது. கான்ராடிடம் அதற்கு முன் கேட்க வேண்டியது, 'இந்தப் பொருள் இந்த வியாபாரத்தில் என்ன வேலை செய்கிறது' என்பது. அவர் இருபது ஆண்டுகளை ஒட்டிக் கப்பல் வேலையில் இருந்தவர். அவர் கதையில் ஒரு பொருள் முதலில் சரக்காகவோ கருவியாகவோ கூலியாகவோதான் வருகிறது. பிறகுதான் அதன் மேல் அர்த்தம் ஏறுகிறது.

இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மார்லோ கம்பெனியின் மைய நிலையத்துக்கு வந்து சேரும்போது அவன் ஓட்ட வேண்டிய படகு ஆற்றடியில் கிடக்கிறது. தூக்கிச் சரிசெய்ய ரிவிட் வேண்டும். கடலோர நிலையத்தில் ரிவிட் பெட்டி பெட்டியாகக் குவிந்து, உடைந்து, தரையில் சிதறிக் கிடந்ததை அவனே பார்த்திருக்கிறான். 200 மைல் உள்ளே, தேவைப்படும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. வாரத்துக்குப் பலமுறை கடற்கரையிலிருந்து சுமைகாரர்கள் வருகிறார்கள். மலிவுத் துணியும் கண்ணாடி மணியும் வருகின்றன, ரிவிட் வருவதில்லை. மூன்று சுமைகாரர்கள் போதும், வேண்டியதையெல்லாம் கொண்டுவந்துவிடலாம் என்கிறான் மார்லோ. படகு மூழ்கியதும் இந்தத் தட்டுப்பாடும் தற்செயலா? மேலாளர் முதல் சந்திப்பிலேயே, புறப்பட மூன்று மாதம் ஆகும் என்று கணக்காகச் சொல்லிவிடுகிறார். உள்ளே கர்ட்ஸ் நோயில் கிடக்கிறான். அவன்தான் மேலாளரின் பதவிக்குப் போட்டி. அவர் எவ்வளவு துல்லியமாகக் காலத்தை அளந்திருந்தார் என்று மார்லோவுக்குப் பிற்பாடுதான் உறைக்கிறது. கதை இதைக் கொலை என்று எங்கும் சொல்லவில்லை. சரக்குப் பட்டியலில் ஒரு பொருள் விடுபட்டுப் போகிறது, அதனால் ஓர் ஆள் சாகிறான். இருள் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, அதை இங்கே தொட்டுப் பார்க்கலாம். காடு இதில் எதுவும் செய்யவில்லை.

அடுத்தது பித்தளைக் கம்பி. படகில் வேலை செய்யும் ஆப்பிரிக்கர்களுக்கு வாரக் கூலி, ஒன்பது அங்குல நீளத்தில் மூன்று துண்டு. அதைக் கொடுத்துக் கரையோர ஊர்களில் சாப்பாடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரே இல்லை, அல்லது ஊரார் பகையாக இருக்கிறார்கள், அல்லது மேலாளர் படகை நிறுத்த விடுவதில்லை. கூலி மட்டும் ஒரு வாரம் தவறாமல் வருகிறது. அவர்கள் கொண்டுவந்த நீர்யானை இறைச்சி அழுகி நாறியதால் வெள்ளையர் அதையும் ஆற்றில் எறிந்துவிட்டார்கள். மார்லோ அவர்களை நரமாமிசம் உண்பவர்கள் என்றே சொல்கிறான். ஆனால் முப்பது பேர் பசியோடு இருக்கையில், ஐந்தே பேராக இருக்கும் வெள்ளையரை அவர்கள் ஏன் தின்னவில்லை என்று வியந்துபோகிறான். அவர்களிடம் ஏதோ ஒரு தன்னடக்கம் இருக்கிறது. கர்ட்ஸிடம் இல்லாதது அதுதான். கதையின் அறத் தராசு இந்த இடத்தில் நிற்கிறது. இதே பத்தியில், போர்க்களத்துப் பிணங்களுக்கிடையே திரியும் கழுதைப்புலியிடம் எதிர்பார்க்காத அடக்கத்தை இவர்களிடம் எதிர்பார்த்திருக்க மாட்டேன் என்று மார்லோ சொல்வதையும் அடிக்கோடிடுங்கள். பாராட்டும் வாய்தான் இழிவும் செய்கிறது. இனவெறி பற்றிய வாதத்துக்கு இந்த ஒரு பத்தி போதும். அங்கே பிறகு வருகிறேன்.

தந்தம்தான் கதையின் முதுகெலும்பு. பரீட்சைக்கு ஒரு தனிப் பென்சில் எடுத்து, தந்தம் வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். ஆப்பிரிக்காவுக்குப் போகும் முன்பே, தேம்ஸில், படகில் இருக்கும் கணக்காளர் டாமினோ பெட்டியை எடுத்து வைத்துக் காய்களை அடுக்கி விளையாடுகிறார். அவற்றை எலும்பிலோ தந்தத்திலோ செய்வார்கள். கதை அவற்றை எலும்புகள் என்றே குறிக்கிறது. பிறகு நிலையங்களில் அந்தச் சொல் காற்றில் மிதக்கிறது, எல்லாரும் அதைத் தொழுவதுபோல் இருக்கிறது என்கிறான் மார்லோ. கர்ட்ஸின் வழுக்கைத் தலை தந்தப் பந்து. சாகும்போது அவன் முகம் தந்த முகம். கடைசியில் ஐரோப்பிய நகரத்தில் அந்தப் பெண்ணின் வரவேற்பறை மூலையில் பெரிய பியானோ ஒன்று, மெருகேற்றிய கல் சவப்பெட்டி போல நிற்கிறது. அக்காலத்து நல்ல பியானோக் கட்டைகளின் மேல்தகடு தந்தம். கான்ராட் அதைச் சொல்லவில்லை, சொல்லாமல் அங்கே நிறுத்தியிருக்கிறார். இந்தக் கோட்டைத் தொடர்ந்து போனால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். பொருள் எங்கிருந்து எங்கே போகிறதோ, இருளும் அந்த வழியேதான் போகிறது. அது வந்து இறங்கும் இடம் ஓர் ஐரோப்பிய வரவேற்பறை.

கர்ட்ஸ் ஏன் அப்படி ஆனான் என்பதற்கும் காட்டின் மாயம் தேவையில்லை. நிலையத்தில் எல்லா ஏஜென்டுகளும் கமிஷனுக்கு ஏங்குகிறார்கள். கர்ட்ஸ் மட்டும் மற்ற எல்லாரும் சேர்ந்து அனுப்பும் அளவுக்குத் தந்தம் அனுப்புகிறான். எப்படி? அவனோடு இருந்த ரஷ்ய இளைஞனிடம் மார்லோ கேட்கிறான்: மாற்றுக் கொடுக்க அவனிடம் சரக்கே இல்லையே? துப்பாக்கித் தோட்டா நிறைய இருந்தது என்பதுதான் பதில். விலை கொடுக்கும் சரக்கு தீர்ந்ததும் வியாபாரம் கொள்ளையாகிறது. கேட்க ஆளில்லை, அனுப்பும் அளவு கூடக் கூடத் தலைமையகத்தில் மதிப்பு ஏறுகிறது. மேலாளர் இதைப் பற்றிச் சொல்லும் குறை, முறை சரியில்லை, வட்டாரம் கெட்டுப்போயிற்று என்பதோடு நிற்கிறது. காடு அவன் காதில் ரகசியம் பேசியது என்று மார்லோ சொல்வது அழகான வாக்கியம்தான். அதை மட்டும் மேற்கோள் காட்டி எழுதினால் கம்பெனியை விடுதலை செய்துவிடுகிறீர்கள். மாணவர் விடைகளில் மிக அதிகமாக நடக்கும் பிழை இது.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு என்றால் தீமை, வெள்ளை என்றால் நன்மை என்ற கணக்கைக் கதை தொடக்கத்திலிருந்தே கலைக்கிறது. கம்பெனியின் தலைநகரம் வெள்ளையடித்த கல்லறை என்று வருகிறது. அது மத்தேயு சுவிசேஷத்தில் போலிப் பக்தர்களைச் சாடும் உவமை. கண்ணை மறைத்துப் படகை ஆபத்தில் தள்ளுவது இரவல்ல, வெள்ளை மூடுபனி. பசியிலும் நோயிலும் ஆட்கள் சாகும் தோப்புக்குச் சற்றுத் தள்ளி, கஞ்சி போட்ட வெள்ளைக் காலரோடு கடலோர நிலையத்தின் கணக்காளர் ஒரு பிழையில்லாமல் பேரேடு எழுதுகிறார். பக்கத்தில் கிடக்கும் நோயாளியின் முனகல் கவனத்தைக் கலைக்கிறது என்று குறைபடுகிறார். கர்ட்ஸ் வரைந்த ஓவியத்தில் கண்ணைக் கட்டிய பெண் தீப்பந்தம் ஏந்தி நிற்கிறாள். அந்த வெளிச்சம் அவள் முகத்தில் விழும்போது முகம் விகாரமாகிறது. ஒளி கொண்டுபோகிறோம் என்ற பேச்சையே கான்ராட் சந்தேகிக்கிறார். தொடக்கத்தில் மார்லோ, நிலத்தைப் பிடிப்பது அழகான காரியமல்ல, அதை மீட்பது ஒரு கருத்து மட்டுமே, அதை நிறுத்திவைத்து வணங்கலாம், அதற்குப் பலி கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்திக்கொள்கிறான். வணக்கமும் பலியும் பின்னால் எங்கே வரப்போகின்றன என்பது தெரிந்து திரும்பிப் படித்தால் அந்த நிறுத்தம் வேறு மாதிரி ஒலிக்கும். கறுப்புக் கம்பளி பின்னும் இரு பெண்களைப் பற்றி எல்லா நோட்ஸும் எழுதுகின்றன. விதியை நூற்கும் கிரேக்கத் தேவதைகளின் சாயல் என்பது சரி, அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இன்னொரு உத்தியைக் கவனிக்க வேண்டும். பொருளை முதலில் காட்டி, அது என்னவென்று பிறகு சொல்வது. மார்லோ முதலில் பார்ப்பது பறந்துவரும் சின்னக் குச்சிகள், பிறகுதான் அம்புகள். கர்ட்ஸ் வீட்டைச் சுற்றி முதலில் தெரிவது உருண்டைக் குமிழ் வைத்த வேலிக்கம்பங்கள். தூரக்கண்ணாடியில் பார்க்கும்போதுதான் தலைகள், அவற்றில் ஒன்றைத் தவிர எல்லாம் வீட்டை நோக்கித் திரும்பியவை. விமர்சகர் இயன் வாட் 1979-இல் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். அர்த்தம் தாமதமாக அவிழ்வது என்று அதைச் சொல்லலாம். இது வெறும் நடை அலங்காரம் அல்ல. நீங்களும் அந்தக் கம்பங்களை அலங்காரம் என்று நம்பியிருந்தீர்கள். வாசகனையும் அந்தப் பார்வைப் பிழைக்குள் இழுத்துவிடுவதுதான் இதன் வேலை. எல்லாம் அவிழ்வதும் இல்லை. சாவுத் தோப்பில் ஒருவன் கழுத்தில் வெள்ளை நூல் துண்டு கட்டியிருக்கிறான். அடையாளமா, நகையா, காப்பா என்று மார்லோ கேட்டுவிட்டு விட்டுவிடுகிறான். நீங்களும் விட்டுவிடுங்கள். எதற்கும் விடை எழுதியே தீருவேன் என்ற பிடிவாதம் இந்த இடத்தைக் கெடுத்துவிடும்.

இனி உறுதியானது எது, ஊகம் எது என்று பிரிக்கிறேன். கான்ராட் 1890-இல் காங்கோ போனது உறுதி. அது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த ஆட்சிப் பகுதியாக இருந்த காலம் (1885 முதல் 1908 வரை). ஜூன் 13 அன்று மட்டாடி என்ற ஆற்றுத் துறைமுகம் சேர்ந்தார். அருவிப் பாறைகளால் அங்கிருந்து படகு போகாது, ரயில் பாதை 1898-இல்தான் முடிந்தது. ஆகவே கின்ஷாசாவரை நடந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் 'ருவா தே பெல்ஜ்' என்ற நீராவிப் படகில் ஏறி செப்டம்பர் 1 அன்று ஸ்டான்லி அருவி அடைந்தார். அங்கே ஏற்றிய கிளைன் என்ற ஏஜென்ட் திரும்பும் வழியில் இறந்தார். கையெழுத்துப் பிரதியில் முதலில் கிளைன் என்று எழுதிப் பிறகு கர்ட்ஸ் என்று மாற்றியிருப்பதும் உறுதி. ஆனால் கிளைன் கர்ட்ஸைப் போல எதுவும் செய்ததாகச் சான்றில்லை. பூம்பாத்தியைச் சுற்றி வெட்டுண்ட தலைகளை வைத்திருந்ததாகச் செய்தி வந்த லியோன் ரோம் என்ற அதிகாரிதான் மூலம் என்று சிலர் வாதிடுகிறார்கள். பொருத்தம் வியக்கவைக்கிறது, ஆனால் அது ஊகம். நோட்ஸில் ரப்பர் சேகரிக்க மக்கள்மேல் நடந்த கொடுமைகள், வெட்டப்பட்ட கைகள் என்று இருந்தால் அடித்துவிடுங்கள். ரப்பர் வெறியாட்டம் கான்ராட் திரும்பிய பின் முற்றியது. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் 1904-இல் வெளியான அறிக்கையில் பதிவுசெய்தது அதைத்தான். இந்தக் கதையில் இருப்பது தந்தம் மட்டுமே.

இங்கேதான் இனவெறி பற்றிய உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. உண்மைப் பயணம் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. கதையில் கர்ட்ஸை அடைய இரண்டு மாதம். கான்ராட் அந்தப் பயணத்தில் எழுதிய குறிப்பேடு இன்றும் இருக்கிறது; அதில் மணல்திட்டு, நீருக்கடியில் மரம், விறகு ஏற்றும் இடம், ஊர்கள் என்று மாலுமிக்கு வேண்டியவைதான் இருக்கின்றன. நிஜ ஆற்றில் நிலையங்களும் போக்குவரத்தும் இருந்தன. ஐரோப்பியர் வருமுன்பே பொபாங்கி வணிகர்கள் அந்த ஆற்றில் பெரிய தோணிகளில் தந்தம் உட்படப் பல சரக்குகளைக் கொண்டுபோய் விற்றவர்கள். கதையில் அவர்கள் யாரும் இல்லை. ஆறு காலியாக்கப்பட்டு, உலகத்தின் முதல் நாளுக்குத் திரும்பிப் போவது போன்ற பயணமாக மாற்றப்படுகிறது. குறியீட்டுக்காக மனிதர்கள் அழிக்கப்பட்டிருக்கிறார்கள். நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி 1975 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் வைத்த குற்றச்சாட்டு இதுதான்: ஒரு ஐரோப்பியனின் மனம் உடைவதைக் காட்டுவதற்காக ஒரு கண்டத்தையே மேடைத் திரையாக்கிவிட்டார், அங்குள்ளவர்களுக்குப் பேச்சைக்கூட மறுத்துவிட்டார், கான்ராட் இனவெறியர். என் கணிப்பில் மனத்தின் பயணம் என்ற வாசிப்பைப் பொறுத்தவரை ஆச்சிபிக்கு மறுப்பே கிடையாது. நீங்கள் அந்த வாசிப்பை எழுதினால் அவர் சொன்னதற்கு நீங்களே சாட்சி ஆகிறீர்கள்.

மறுதரப்பும் வலுவானது. இலங்கைத் தமிழரான விமர்சகர் சார்ள்ஸ் பொன்னுத்துரை சர்வன் 1980-இல் எழுதிய கட்டுரையில், மார்லோவைக் கான்ராடோடு ஒன்றாக்கக் கூடாது என்றும், தன் காலத்து நோய் கான்ராடையும் தொற்றியிருந்தது, ஆனால் அதிலிருந்து விடுபட முயன்றதில் அவர் பலரைவிட முன்னே இருந்தார் என்றும் வாதிட்டார். பாலஸ்தீன-அமெரிக்க விமர்சகர் எட்வர்ட் சயீத் 1993-இல் சொன்னது எனக்கு இன்னும் துல்லியமாகப் படுகிறது. ஏகாதிபத்தியம் அப்பட்டமான நிலப்பறிப்பு என்று கான்ராட் கண்டுகொண்டார். ஆகவே அது முடிய வேண்டும், அம்மக்கள் சுதந்திரமாக வாழ வேண்டும் என்ற இடத்துக்கு அவரால் போக முடியவில்லை. ரிவிட், கம்பி, பேரேடு பற்றி எழுதும்போது கான்ராட் தப்பு செய்வதேயில்லை. காட்டையும் கரையிலிருக்கும் மனிதர்களையும் பற்றி எழுதும்போது விவரம் மறைந்து அடைமொழிகள் குவிகின்றன, ஆங்கில விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் 1948-லேயே இந்த அடைமொழிக் குவியலைக் குறை சொல்லியிருக்கிறார். இரண்டு வகைப் பக்கங்களையும் அருகருகே வைத்துக் காட்டினால் உங்கள் விடை மற்றவர்களுடையதிலிருந்து தனியாக நிற்கும்.

கர்ட்ஸின் கடைசிச் சொல்லான 'பயங்கரம்! பயங்கரம்!' எதைக் குறிக்கிறது என்பதை யாராலும் தீர்க்க முடியாது. தன் செயல்களையா, சாவையா, மனித இயல்பையா, இழந்த தந்தத்தையா? அதை அற வெற்றி என்று சொல்வது மார்லோ. கர்ட்ஸ் அல்ல, கதையும் அல்ல. பொய்யில் சாவின் நாற்றம் இருக்கிறது என்று முன்னால் சொன்ன அதே மார்லோதான் கடைசியில், அவன் உங்கள் பெயரைச் சொல்லித்தான் இறந்தான் என்று அந்தப் பெண்ணிடம் பொய் சொல்கிறான். கருணை என்று விட்டுவிடலாமா? அதற்கு முன் அவன் செய்த இன்னொன்றைப் பாருங்கள். காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிக்கும் சர்வதேசச் சங்கம் ஒன்றுக்காகக் கர்ட்ஸ் எழுதிய 17 பக்க அறிக்கையின் அடியில், நடுங்கும் கையெழுத்தில், 'இந்த மிருகங்களை எல்லாம் அழித்தொழியுங்கள்!' என்று ஒரு வரி இருந்தது. கம்பெனி ஆளிடம் அறிக்கையைக் கொடுக்கும் முன் மார்லோ அந்த வரியைக் கிழித்து எடுத்துவிடுகிறான். பெண்ணிடம் சொன்ன பொய் ஒருத்தியின் துயரத்தை மூடியது. கிழித்த வரி ஒரு கண்டத்தில் நடந்ததை ஐரோப்பாவிடமிருந்து மூடுகிறது. நோட்ஸ் முதலாவதை மட்டும் பேசும். நீங்கள் இரண்டையும் எழுதுங்கள்.

படிக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று முறை படியுங்கள். முதல்முறை கதைக்காக. இரண்டாம் முறை பென்சிலோடு, தந்தம், உலோகம், துணி, காகிதம் நான்கையும் குறித்துக்கொண்டு. மூன்றாம் முறை மேற்கோள் குறிகளைக் கவனித்து: கதை முழுவதையும் நமக்குச் சொல்வது மார்லோ அல்ல, படகில் இருக்கும் பெயரில்லாத ஒருவன்; அவன் எங்கெல்லாம் குறுக்கிடுகிறான் என்று பாருங்கள். ஆச்சிபியின் உரையை முழுதாகப் படியுங்கள், மேற்கோள் துணுக்குகளாக வேண்டாம். நேரமிருந்தால் கான்ராடின் 1890 காங்கோ நாட்குறிப்பையும் படியுங்கள்; நடந்த வழியில் கண்ட பிணங்களை அவர் ஓரிரு வரிகளில் குறித்துவிட்டுக் கடந்துபோவதை, கதையின் சாவுத் தோப்புக் காட்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.